பிரி ரெய்ஸின் தவறுகள்

1

நண்பர் ஒருவர், கவிஞர், மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நீண்ட கவிதையின் கையெழுத்துப் பிரதியை என்னிடம் கொடுத்தார். 1513-ல் துருக்கியக் கடற்படையைச் சேர்ந்த ஒருவர் வரைந்த படம்தான் கவிதையின் மையம். பனி மூடுவதற்கு முன்பிருந்த அண்டார்டிகாவின் கரையை அந்தப் படம் காட்டுகிறது. மனித இனம் மறந்துவிட்ட ஒரு மகா ஞானத்தின் மிச்சம் அது. கவிஞனின் ஞாபகமும் அப்படிப்பட்டதே - இது கவிதையின் ஓட்டம். சில வரிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் அஸ்திவாரம் பொய். அதைச் சொன்னேன். 'கவிதைக்கு உண்மை எதற்கு?' என்றார். இரண்டாவது காபி வந்த பிறகு, 'சரி, அது பொய் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றார்.

இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே ஆள் ஒரே மாலையில் கேட்க முடிகிறது என்பதுதான் இதை எழுதக் காரணம். முதல் கேள்வியை மனப்பூர்வமாகக் கேட்பவனுக்கு இரண்டாவது அவசியமில்லை. இரண்டாவதைக் கேட்கிறவன் முதலாவதை உண்மையில் நம்பவில்லை. கவிதைக்கு உண்மை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, கவிதைக்கு அடியில் ஒரு விஞ்ஞான ஆதாரத்தை முட்டுக் கொடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. நண்பரின் கவிதை இதற்கு ஒரு உதாரணம் மட்டுமே. எனக்கு அவரிடம் மனஸ்தாபம் ஏதுமில்லை.

2

முதலில் படம் என்ன என்று பார்த்துவிடலாம். இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் செய்யாத காரியம் இது.

1929-ல், மியூஸியமாகிவிட்ட இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையின் நூலகத்தில், குஸ்தாவ் அடால்ஃப் டைஸ்மான் என்ற ஜெர்மானிய அறிஞர் பழைய சுவடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்டது இந்தப் படம். அதன் முக்கியத்துவத்தை உணர்ந்து வெளியுலகுக்குச் சொன்னவர் பால் காலெ. தோலில் வரையப்பட்டது. நீளம் சுமார் 90 சென்டிமீட்டர், அகலம் அறுபதுக்குச் சற்று மேல். ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. முழு உலகத்தையும் காட்டிய பெரிய படம் ஒன்றின் மேற்குப் பாகம் மட்டுமே நமக்கு எஞ்சியது. ஸ்பெயினும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் ஒரு பக்கம், புதிதாகக் கண்டறியப்பட்ட அமெரிக்கக் கரை மறுபக்கம், நடுவில் அட்லாண்டிக். ஹிஜ்ரி 919 முஹர்ரம், அதாவது 1513-ன் முற்பகுதியில், கல்லிப்போலியில் முடித்ததாக வரைந்தவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் பிரி ரெய்ஸ். கெமால் ரெய்ஸ் என்ற புகழ்பெற்ற கடற்படைத் தலைவருடைய சகோதரரின் மகன். 1517-ல் எகிப்தில் வைத்து சுல்தான் முதலாம் செலிமிடம் படத்தைச் சமர்ப்பித்தார்.

இந்தப் படம் பேசுகிற படம். ஓரங்களிலும் நிலப்பகுதிகளின் மேலும் துருக்கியில் குறிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. தான் எதைப் பார்த்து வரைந்தேன் என்று பிரி ரெய்ஸ் பட்டியல் கொடுக்கிறார். ஏறக்குறைய இருபது படங்கள்: தாலமியின் வழிவந்த உலகப் படங்கள், ஹிந்தைக் காட்டும் ஒரு அரபுப் படம், ஸிந்து, ஹிந்து, சீனம் ஆகியவற்றை வரைந்த நான்கு புதிய போர்ச்சுக்கீசியப் படங்கள், மேற்குத் திசைக்குக் கொலம்பஸ் வரைந்த ஒரு படம். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததாகச் சொல்கிறார். கொலம்பஸோடு மூன்று முறை பயணம் போன ஸ்பானியன் ஒருவன் கெமால் ரெய்ஸிடம் கைதியாக இருந்து சொன்ன தகவல்களையும் தனியே குறிக்கிறார். வடக்கே ஒரு திமிங்கலத்தின் முதுகில் நெருப்பு மூட்டிய துறவி பிராண்டனின் கதையைச் சித்திரமாகப் போட்டுவிட்டு, இது போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்ததல்ல, பழைய உலகப் படங்களிலிருந்து எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறார்.

இந்தக் கடைசிக் குறிப்பைப் பல முறை யோசித்திருக்கிறேன். கட்டுக்கதையையும் அவர் விலக்கவில்லை. ஆனால் அது எந்த வாசல் வழியாக வந்தது என்று சொல்லாமல் உள்ளே விடவும் இல்லை. நாற்பது ஐம்பது சொற்களில் ஒரு விமர்சகன் செய்யவேண்டிய காரியம் முழுவதையும் செய்து முடித்துவிடுகிறார்.

3

அண்டார்டிகா இதற்குள் எப்படி வந்தது?

படத்தின் கீழ்ப்பகுதியில் தென் அமெரிக்கக் கரை தெற்கே போகாமல் கிழக்கே வளைந்து ஓடுகிறது. தோலின் விளிம்பு வந்துவிட்டதால் கரையை மடக்கியிருக்கலாம். தெற்கே ஒரு பெரிய கண்டம் இருந்தாக வேண்டும் என்ற பழைய நம்பிக்கை காரணமாக இருக்கலாம். இரண்டுமே சாதாரணக் காரணங்கள். சாதாரணமானவை என்பதாலேயே யாருக்கும் திருப்தி தருவதில்லை. 1956-ல் ஆர்லிங்டன் மாலெரி என்ற அமெரிக்கர், அந்த வளைவு பனிக்கு அடியிலுள்ள அண்டார்டிகாவின் கரை என்று ரேடியோவில் சொன்னார். நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்துவந்த சார்ல்ஸ் ஹாப்குட் இதைப் பிடித்துக்கொண்டார். தன் மாணவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்து 1966-ல் புஸ்தகமாக்கினார். வரலாற்றுக்கு முந்திய ஒரு கடலோடி நாகரிகம் உலகம் முழுவதையும் அளந்திருந்தது, அதன் படங்கள் பிரதி மேல் பிரதியாகப் பிரி ரெய்ஸ் வரை வந்தன என்பது அவர் சித்தாந்தம். 1968-ல் எரிக் ஃபான் டானிகென் கடலோடிகளையும் நீக்கிவிட்டு ஆகாயத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். நண்பர் படித்தது இவருடைய புஸ்தகத்தின் பழைய பதிப்பு. பிளாட்பாரத்தில் முப்பது ரூபாய்.

ஹாப்குட்டை டானிகெனோடு சேர்த்துத் தள்ளிவிட நான் தயாரில்லை. ஹாப்குட் உழைத்தவர். படத்தில் தென் அமெரிக்கக் கரையில் 900 மைல் காணாமல் போயிருப்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். அமேசான் நதி இரண்டு முறை வரையப்பட்டிருப்பதாக அவரே சொல்கிறார். கரீபியன் பகுதிக்கு வேறு ஒரு வடதிசையை வைத்துக்கொண்டால்தான் பொருந்துகிறது என்று வேறு சதுரங்கள் போடுகிறார். ஒவ்வொரு முரண்பாட்டையும் நேர்மையாகக் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடித்ததும் அதைப் பிற்காலத்துப் பிரதிக்காரனின் தலையில் கட்டிவிடுகிறார். மூலப்படம் மட்டும் மாசற்றதாக எங்கோ இருந்துகொண்டே இருக்கிறது. பொருந்துவது மூலத்தின் மகிமை, பொருந்தாதது பிரதி எடுத்தவனின் மடமை என்று ஆகிவிட்டால் பிறகு எந்த வாதமும் தோற்கமுடியாது. தோற்கவே முடியாத வாதத்தில் ஜெயிப்பதற்கும் ஒன்றுமில்லை.

1949-52-ல் நார்வே, பிரிட்டன், ஸ்வீடன் கூட்டாக நடத்திய பயணத்தில் பனிக்கடியிலுள்ள நிலத்தை அதிர்வலைகளால் அளந்தார்கள். அந்த அளவுக்குப் படம் ஒத்துப்போகிறது என்று அமெரிக்க விமானப்படை அதிகாரி ஒருவர் 1960-ல் எழுதிய கடிதம் ஹாப்குட்டின் பெரிய சாட்சி. ஆனால் இன்று பனிக்கடியில் கிடக்கிற நிலம், பனி இல்லாத காலத்து நிலம் ஆகாது. கிலோமீட்டர் கணக்கில் கனமுள்ள பனியின் பாரத்தில் நிலம் கீழே அமுங்கிக் கிடக்கிறது. பாரத்தை எடுத்தால் அது மேலே எழும்பும். கரைகள் வேறு இடத்துக்குப் போகும். இன்றைய அதிர்வலை அளவோடு கச்சிதமாகப் பொருந்தும் ஒரு பழைய படம், பொருந்துவதாலேயே தவறாக இருக்கும். தவிரவும், அந்தக் கண்டத்தில் பனி படர ஆரம்பித்து ஏறக்குறைய 3.4 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போது படம் வரைய மனிதர்கள் இல்லை.

இதையெல்லாம் விட எளிமையான சாட்சி ஒன்று உண்டு. அந்தத் தென்கரையின் மேல் பிரி ரெய்ஸே எழுதியிருக்கும் குறிப்பு. நாடு பாழாகக் கிடக்கிறது. பெரிய பாம்புகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதனால் போர்ச்சுக்கீசியர் இறங்கவில்லை. மிகவும் உஷ்ணமான பிரதேசம் என்றும் சொல்கிறார்கள்.

அண்டார்டிகா. பாம்புகள். உஷ்ணம். கோட்டைப் படித்தவர்கள் எழுத்தைப் படிக்கவில்லை.

4

நான் வங்கியில் குமாஸ்தா. சேர்ந்த புதிதில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்த நாட்களில் ஒரு சாயங்காலம் பணம் சுத்தமாக டாலி ஆயிற்று. ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை, அதிகமும் இல்லை. பெருமையோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஒரு வயதான அம்மாள் வந்து, நேற்று ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கொடுத்துவிட்டாய் தம்பி என்றாள். கணக்கு டாலி ஆகியிருக்கிறதே என்றேன். அவள் கட்டை அவிழ்க்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது. அப்படியானால் வேறு யாருக்கோ ஐந்நூறு அதிகம் கொடுத்திருக்கிறேன். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று விழுங்கிவிட்டுச் சரியாக நின்றன. அதிகம் வாங்கியவர் வரவில்லை. அம்மாளுக்குச் சேரவேண்டியதை என் கையிலிருந்து கொடுத்தேன்.

டாலி ஆவது உண்மையாகிவிடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். ஒரு கூட்டுத்தொகை சரியாக வருகிறதென்றால், எந்த வழியாக வந்தது என்ற கேள்வி அப்போதுதான் ஆரம்பமாகிறது. ஹாப்குட் மையப்புள்ளியை மாற்றுகிறார், வடதிசையைத் திருப்புகிறார், அளவைத் துண்டு துண்டாக வேறுபடுத்துகிறார். இத்தனை சலுகைகள் கொடுத்தால் என் மேஜை மேல் கொட்டிய காபியின் கறையைக் கூட மடகாஸ்கராக்கிவிடலாம்.

5

'அப்படியானால் பழைய படங்கள் எல்லாம் தப்பு என்கிறீர்களா?' என்று நண்பர் கேட்டார். இல்லை. அவை சரியாக இருக்குமிடங்களில் எவ்வளவு அசாத்தியமாகச் சரியாக இருக்கின்றன என்பதை உணரவே, அவை எப்படித் தவறுகின்றன என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மத்தியதரைக் கடலில் ஒருவகைப் படங்கள் தோன்றுகின்றன. போர்ட்டோலான் படங்கள் என்று பெயர். நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படுவது பாரீஸ் நூலகத்திலுள்ள 'கார்த்தா பிஸானா'. ஆட்டுத்தோலின் மேல் திசைக்கோடுகள் வலை போலப் பின்னியிருக்கும். துறைமுகங்களின் பெயர்கள் கரைக்குச் செங்குத்தாக நெருக்கி எழுதப்பட்டிருக்கும். உள்நாடு ஏறக்குறைய காலி. கப்பல்காரனுக்கு உள்நாடு எதற்கு? பண்டிதர்கள் போற்றிய தாலமி, மத்தியதரைக் கடலின் நீளத்தை 62 பாகை என்று கணக்கிட்டார். உண்மையில் அது சுமார் 42. போர்ட்டோலான் படங்களில் அந்தக் கடல், ஏறத்தாழ இன்று நாம் அட்லஸில் பார்க்கும் கடல்தான். பண்டிதன் 20 பாகை தவறிய இடத்தில் மாலுமி தவறவில்லை. அதே கார்த்தா பிஸானாவில் பிரிட்டன் ஒரு கோணல் பெட்டி. போகாத இடத்தைப் பற்றி அந்தப் படத்துக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதது வெளிப்படையாகத் தெரிகிறது.

இந்தப் படங்களின் துல்லியத்தையும் நம்ப முடியாமல் மூலம் தேடியவர்கள் உண்டு. 2014-ல் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வேடு ஒன்றில் ரோயல் நிக்கோலாய், இடைக்கால மாலுமிகளின் கருவிகளால் இது சாத்யமில்லை என்று கணிதரீதியாக வாதிட்டார். டானிகென் ரகமல்ல இது, கடுமையான உழைப்பு. இதற்கு எதிர்த்திசையில் போகிறவர் போர்ச்சுக்கல் கடற்படையில் இருந்து ஆய்வாளரான ஜோவாக்கிம் ஆல்வெஸ் காஸ்பர். திசைகாட்டியும் தூர மதிப்பீடும் மட்டும் இருந்தாலே இந்த வடிவம் கிடைக்கும் என்று அவருடைய கணக்குகள் காட்டுகின்றன. விவாதம் அறிஞர்களுடையது. எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு தவறு. போர்ட்டோலான் படங்களில் மத்தியதரைக் கடல் முழுவதும் சுமார் 10 பாகை இடப்பக்கம் சுழன்று கிடக்கிறது. காந்த ஊசி அசல் வடக்கைக் காட்டுவதில்லை, கொஞ்சம் விலகித்தான் காட்டும் என்பது அன்று அந்த மாலுமிகளின் கணக்கில் இல்லை. ஊசி எப்படிச் சாய்ந்ததோ அப்படியே கடலும் சாய்ந்துவிட்டது. ஆகாயத்திலிருந்து பார்த்தவன் வரைந்த படத்தில் காந்த ஊசியின் கோணல் இருக்காது. அந்தச் சாய்வு, ஆடுகிற கப்பலில் ஒரு சின்னப் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்ற மனிதனின் சாய்வு.

சரி, தவறு என்ற சொற்களே இங்கே போதவில்லை. மெர்க்கேட்டரின் 1569-ம் வருஷப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் கிரீன்லாந்து பூதாகாரமாக வீங்கியிருக்கும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப் போலப் பதினான்கு மடங்கு. நமது முற்போக்கு நண்பர்கள் சிலர் இதை ஐரோப்பிய ஆதிக்கத்தின் சதி என்று எழுதியிருக்கிறார்கள். 1973-ல் ஆர்னோ பீட்டர்ஸ் கிளப்பிய விவாதத்தின் எதிரொலி இது. (பீட்டர்ஸ் புதிது என்று கொண்டுவந்த படமுறையை ஜேம்ஸ் கால் 1855-லேயே சொல்லிவிட்டார் என்பது வேறு கதை.) மெர்க்கேட்டர் தன் படத் தலைப்பிலேயே இது கடலோடிகளின் உபயோகத்துக்கு என்று எழுதியிருக்கிறார். ஒரே திசையைப் பிடித்துப் போகும் கப்பலின் வழி படத்தில் நேர்கோடாக விழவேண்டும். அதற்கு விலையாகப் பரப்பளவைக் கொடுத்தார். அந்தப் படத்தைப் பின்னால் பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டியவர்களைக் கேட்கவேண்டிய கேள்வியை மெர்க்கேட்டரிடம் கேட்பதில் பயனில்லை.

ஆகவே இரண்டு வகை மூடநம்பிக்கைகள். படத்துக்குள் வரைந்தவனுக்குத் தெரிந்திருக்க முடியாத ஞானத்தைப் படிப்பது ஒன்று. அவன் நினைத்திராத சூழ்ச்சியைப் படிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் பொதுவான அம்சம், வரைந்தவனைக் காணோம் என்பது.

6

பிரி ரெய்ஸின் தவறுகளுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் பிடித்தது ஹிஸ்பானியோலாத் தீவு. ஹெயிட்டியும் டொமினிக்கன் குடியரசும் இன்று பங்கிட்டுக்கொண்டிருக்கும் தீவு அது. கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பது. பிரி ரெய்ஸின் படத்தில் அது வடக்கு தெற்காக நிமிர்ந்து நிற்கிறது. ஏன்?

கொலம்பஸ் ஆசியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பினார். அந்தத் தீவை மார்க்கோ போலோ சொன்ன ஸிப்பாங்கு, அதாவது ஜப்பான், என்று நினைத்தார். அக்காலத்து உலகப் படங்களில் ஸிப்பாங்கு வடக்கு தெற்காக நிமிர்ந்து நிற்கும் ஒரு செவ்வகம். கண்ணெதிரே தீவு ஒருவிதமாகக் கிடக்க, மனதில் இருந்த தீவு வேறுவிதமாக நின்றது. படத்தில் ஏறியது மனதில் நின்ற தீவு. கொலம்பஸ் வரைந்த அந்தப் படம் இன்று கிடையாது, தொலைந்துவிட்டது. பிரி ரெய்ஸ் செய்த பிரதியில், இந்தத் தவறின் வடிவில் மட்டும், அது மிஞ்சியிருக்கிறது. 2000-ல் இந்தப் படத்தைப் பற்றி எழுதிய கிரிகரி மக்கின்டாஷ் இந்த உறவை விரிவாகக் காட்டியிருக்கிறார். பிரி ரெய்ஸ் தீவைச் 'சரியாக' வரைந்திருந்தால் கொலம்பஸின் படம் உண்மையாகவே அழிந்துபோயிருக்கும்.

ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதில்லை. இரண்டு சுவடிகள் ஒரே இடத்தில் சரியான பாடத்தைக் கொடுத்தால் அவற்றின் உறவு ஒன்றும் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்திருந்தால் இரண்டும் ஒரே தாய்ச்சுவடியின் பிள்ளைகள். பிழைகளின் வழியாகத்தான் வம்சாவளி தெரிகிறது. சரியானது எல்லோருக்கும் பொது. தவறு ஒருவனுடையது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். யேல் பல்கலைக்கழகம் 1965-ல் ஆரவாரமாக வெளியிட்ட 'வின்லாந்து' படம், கொலம்பஸுக்கு முன்பே வட அமெரிக்கக் கரையைக் காட்டுவதாகச் சொல்லப்பட்டது. தோல் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அசல் தோல்தான். மசியில் இருபதாம் நூற்றாண்டு டைட்டானியம் கூட்டுப்பொருள். 2021-ல் பல்கலைக்கழகமே அது போலி என்று அறிவித்துவிட்டது. அந்தப் படத்தில் கிரீன்லாந்து ஒரு தீவாக, அந்தக் காலத்துக்கு மீறிய ஒழுங்கோடு இருக்கிறது. போலிக்காரனிடம் நம்மை உறுத்தியிருக்கவேண்டியது அந்தத் துல்லியம்தான்.

7

கவிஞர்களுக்குப் பிரியமான இன்னொரு சரக்கையும் இங்கே இறக்கிவிடுகிறேன். தெரியாத இடங்களில் பழைய படக்காரர்கள் 'இங்கே டிராகன்கள் உள்ளன' என்று எழுதிவைப்பார்கள் என்பது. எத்தனை கவிதைகளில், எத்தனை முன்னுரைகளில் படித்திருக்கிறோம்! அந்த லத்தீன் வாசகம் உள்ளதாக அறியப்பட்டவை இரண்டே இரண்டு. ஒன்று நியூயார்க் பொது நூலகத்திலுள்ள சின்னஞ்சிறு செப்பு உருண்டை, சுமார் 1510. மற்றொன்று அதனோடு நெருங்கிய உறவுள்ள, தீக்கோழி முட்டையில் செதுக்கிய உருண்டை. இரண்டும் ஆசியாவின் கரையில். ஒரு கப்பல்காரனின் படத்தில்கூட அது இல்லை. படங்களில் பிராணிகள் உண்டு, பூதங்களும் உண்டு. ஆனால் அந்த வாசகம், பழையவர்கள் தங்கள் அறியாமையை இப்படி அலங்கரித்திருப்பார்கள் என்று நாம் ஆசைப்பட்டு அவர்கள் வாயில் போட்டது.

அவர்கள் செய்தது இதைவிடக் கஷ்டமான காரியம். கோட்டை நிறுத்திவிட்டார்கள். 1502-ல் லிஸ்பனில் ரகசியமாகப் பிரதி செய்யப்பட்டு, அல்பெர்ட்டோ கான்டினோ என்பவர் மூலம் ஃபெராரா பிரபுவுக்குப் போன படம் ஒன்று இருக்கிறது. தாலமியின் படங்களில் இந்தியத் தீபகற்பம் நசுங்கி ஏறக்குறைய இல்லாமலே போய், பக்கத்தில் இலங்கை பல மடங்கு பருத்து உட்கார்ந்திருக்கும். கான்டினோ படத்தில் நம் நாடு கடலுக்குள் நீண்டு இறங்கும் ஒரு கூம்பாக எழுந்துவிடுகிறது. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்து நாலே வருஷம். ஆனால் அதே படத்தில், பிரேஸில் கரை தெற்கே கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் தோல் மட்டுமே. (இந்தப் படத்துக்குப் பின்னால் நேர்ந்த கதியும் சொல்லத்தக்கது. 1859 கலவரத்தில் மோதெனா அரண்மனையிலிருந்து காணாமல் போய், ஒரு கசாப்புக் கடையில் தட்டியாக மாட்டியிருக்கக் கண்டெடுத்தார்கள்.)

நின்றுபோன கோட்டுக்கு இணையான ஒரு வரியை நம் சமீபத்துக் கவிதைகளில் தேடிப் பார்க்கிறேன். தெரியாத இடம் வந்ததும் நாம் 'மௌனம்', 'வெளி', 'ஆதி' என்று எழுதிவிடுகிறோம். நம்முடைய டிராகன்கள்.

8

இத்தனைக்கும் எங்கோ கிடக்கிற ஒரு துருக்கித் தோலுக்காக நான் ஏன் இவ்வளவு மல்லுக்கு நிற்கவேண்டும்?

நம்மிடமும் ஒரு படம் இருக்கிறது. 1864-ல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர்களுக்கும் இந்தியாவில் காணப்படுபவற்றுக்கும் உள்ள உறவை விளக்க ஒரு மூழ்கிய கண்டத்தை அனுமானித்து லெமூரியா என்று பெயர் வைத்தார். அது ஒரு நேர்மையான அனுமானம். கண்டங்களே நகர்கின்றன என்று 1960-களில் உறுதிப்பட்டதும் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. இதற்கிடையில் நாம் அதை இறையனார் களவியல் உரையும் அடியார்க்குநல்லாரும் சொல்லும் கடல்கோளோடு பிணைத்துவிட்டோம். பஃறுளியாறு, குமரிக்கோடு எல்லாம் கறாரான கோடுகளில் மடகாஸ்கர் வரை இறங்கி நிற்கும் படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடல் கொண்ட நிலத்தின் நினைவு ஒரு இலக்கியத்தில் இருப்பது பெரிய விஷயம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நினைவை அட்லஸாக மாற்றினால்தான் அதற்கு மரியாதை என்று நினைத்த இடத்தில் நாம் சறுக்கினோம். அந்தப் படங்களில் நான் பார்த்தவை எதிலும் 'சொல்கிறார்கள்' என்ற ஒரு வார்த்தை இல்லை. அவற்றை நம்பி யாரும் கப்பல் ஓட்டவும் இல்லை. தவறாக இருந்தால் மூழ்கிப்போகிற ஒருவன் இல்லாத படம் அது. எனவே அதைத் திருத்தவும் யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

இதே கதைதான் வாசிப்பிலும் நடக்கிறது. புறநானூற்றின் ஒரு பாட்டில் ஓட்டுபவன் இல்லாமல் வானத்தில் போகும் ஊர்தி வருகிறது. உடனே விமானம் என்று கட்டுரைகள் வந்தன. அந்தப் பாட்டு நிலவைப் பற்றியது. தேய்வதும் வளர்வதும் பிறப்பதும் இறப்பதுமான உலகத்தில், இரந்து வருகிறவனுக்குக் கொடு என்று ஒரு அரசனிடம் சொல்வது. ஊர்தி, செய்யவேண்டியதைச் செய்து முடித்தவர்கள் ஏறிப் போவதாகச் சொல்லப்படுவது. விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் நிலவைத் தொலைத்தார்கள், இரப்பவனைத் தொலைத்தார்கள், உறையூர் முதுகண்ணன் சாத்தனாரையும் தொலைத்தார்கள். ஹாப்குட்டின் கத்தரிக்கோல் இதுதான். பழையவனை வானளாவப் புகழ்ந்துகொண்டே அவன் எழுதியதைப் படிக்காமல் இருப்பது. இந்தப் புகழ்ச்சியின் அடியில் ஒரு அலட்சியம் இருக்கிறது. அவன் தன் கண்ணாலும் கையாலும் கண்டது நமக்குப் போதவில்லை. நம் காலத்து இயந்திரம் ஒன்று அவனிடம் இருந்தாக வேண்டும்.

பிரி ரெய்ஸைப் பற்றிக் கடைசியாக ஒன்று. 1513-க்குப் பிறகும் அவர் வரைந்துகொண்டே இருந்தார். மத்தியதரைக் கடலின் துறைமுகங்களை விவரிக்கும் பெரிய கடல் நூலை 1521-ல் எழுதி, 1526-ல் விரித்துத் திரும்பவும் கொடுத்தார். 1528-ல் இன்னொரு உலகப் படம் செய்தார். அதிலும் ஒரு பாகமே மிஞ்சியிருக்கிறது. அதில் ஹிஸ்பானியோலா திருத்தப்பட்டிருக்கிறது; தீவு கிழக்கு மேற்காகப் படுத்துவிட்டது. மறந்துபோன ஞானத்தின் காவலனாக இருந்தவன் எதற்குத் திருத்தப்போகிறான்? புதுத் தகவல் கிடைத்ததும் பழையதை மாற்றிக்கொண்ட தொழில்காரர் அவர். முதிர்ந்த வயதில் இந்துமகா சமுத்திரக் கடற்படைக்குத் தலைமை தாங்கி, ஹோர்முஸ் முற்றுகைக்குப் பிறகு கப்பல்களை பஸ்ராவில் விட்டுத் திரும்பிய குற்றத்துக்காக 1553-ல் கெய்ரோவில் தலையை இழந்தார். 1513-ம் வருஷப் படத்தின் கிழக்குப் பாகம், அந்த நான்கு போர்ச்சுக்கீசியப் படங்களையும் அரபுப் படத்தையும் கொண்டு அவர் வரைந்த நமது கடல் இருந்த பாகம், கிழிந்து போனது போனதுதான். அதில் நம் கரையை எந்தத் தவறோடு வரைந்திருந்தார் என்று பார்க்க எனக்கு ஆசை.

நண்பரின் கவிதையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. நல்ல வரிகள் இருப்பதால்தான் இந்தத் தாமதம். அண்டார்டிகா வரும் பக்கத்தில் ஓரமாகப் பென்சிலால் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். 'பாம்புகள் எங்கே போயின?'